விரிசலின் மேல் ஒரு தேதி

மோன்விரே,
14 ஜூன் 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

ஆர்மெல் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். உன் இருமல் எப்படி இருக்கிறது? டாக்டர் கொடுத்த மருந்தைக் குடிக்கிறாயா, இல்லை வழக்கம்போல் அலமாரிக்கே ஊட்டுகிறாயா என்று அண்ணியைத் தனியாக எழுதச் சொல்.

கோடை வந்துவிட்டது, கூடவே பாரிஸ்காரர்களும். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி அடித்தால் சுற்றுலாப் பேருந்து நம் முற்றத்தில் நிற்கிறது. நாற்பது பேர் இறங்குகிறார்கள். ஆற்றங்கரையில் வயிறு முட்டத் தின்றுவிட்டு, வெயிலில் மூக்கெல்லாம் சிவந்துபோய், "ஒயின் எங்கே, ஒயின் எங்கே?" என்று சந்தைக்கூட்டம் மாதிரி வருகிறார்கள். மலையைக் குடைந்த நம் ஒயின் குகைக்குள் காலை வைத்ததும் அத்தனை பேரும் கப்சிப். வெளியே அனல், உள்ளே மார்கழிக் குளிர். பட்டணத்துப் பெண்கள் வெறும் கையைத் தேய்த்துக்கொண்டு ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்கிறார்கள். முதல் அறையில் பீப்பாய்கள், இரண்டாவதில் பாட்டில்கள், மூன்றாவதில் நீள மேசை போட்டு ருசி பார்க்கக் கொடுக்கிறோம்.

மூன்றாவது அறைக் கூரையின் விரிசல் உனக்கு ஞாபகம் இருக்கும். அதன் குறுக்கே இவர் வைத்த சாட்சிதான் இப்போது பெரிய வேடிக்கை. உள்ளங்கை அகலத்துக்குச் சாந்து, அதில் ஆணியால் கீறிய தேதி: 9 மார்ச் 1958. இவர் விளக்கைத் தூக்கிக் காட்டி நாடகக்காரர் மாதிரி சொல்வார். "பாருங்க, மலை ஒரு மயிரளவு நகர்ந்தாலும் இது வெடிச்சிடும். ஆறு வருஷமாச்சு, ஒரு கீறல் இல்ல. மலை தூங்குது, நீங்க தைரியமா குடிங்க. இது உடைஞ்ச அன்னைக்குக் கதவைப் பூட்டி சாவியை மேயர் கையில குடுத்துட்டுத்தான் மறுவேலை." எல்லோரும் கைதட்டுகிறார்கள். போன வாரம் ஒரு அம்மாள் அதைப் படமே எடுத்துக்கொண்டாள். இருட்டில் பளீரென்று வெள்ளையாக அவ்வளவு அழகாம்.

ஆகஸ்டில் அண்ணியோடு வா. ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி எடுத்து வைத்திருக்கிறேன், நீ விரும்பும் காய்ந்த வகை.

உன் அன்புத் தங்கை,
ஆர்மெல்

◆

லான்ஸ்,
22 ஜூன் 1964

தங்கை ஆர்மெலுக்கு,

கடிதம் கிடைத்தது. உயிரோடு இருக்கிறேன். முப்பது வருஷம் விழுங்கிய கரித்தூசியைத் தினம் கொஞ்சம் கொஞ்சமாக ஊருக்குத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணி முழங்கால் வலியைத் தவிர நலம். பயணம் முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கட்டியை நீயே தின்றுவிடு.

ஆன்செல்மின் நாடகத்தைக் கேட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் ஒரு விஷயம் உறுத்தியது. நான் சுரங்கத்தில் கூரைக்கு முட்டுக் கொடுத்துப் பிழைத்தவன், எனக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான். ஈரக் குகையில் சாந்து ஒரு வருஷத்தில் மஞ்சளாகும், மூன்று வருஷத்தில் பழுப்பாகும். பூஞ்சையும் விளக்குப் புகையும் அதைச் சும்மா விடாது. ஆறு வருஷத்துச் சாந்து பளீரென்று வெள்ளையாக இருக்காது. தினமும் பார்க்கிறவன் கண்ணுக்கு அது தெரியாமல் போகலாம். புகைப்படக்காரிக்குத் தெரிந்திருக்கிறது.

ஒருமுறை கண்ணாடியால் பகல் வெளிச்சத்தை உள்ளே திருப்பி அதன் மேல் அடித்துப் பார்த்து, என்ன நிறம் என்று எழுது.

அண்ணன்,
லூசியான்

◆

மோன்விரே,
9 ஜூலை 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அண்ணியின் முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலையைச் சூடாக்கிக் கட்டச் சொல்.

பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். வேலை கழுத்தை நெரிக்கிறது. இந்த வாரம் இரண்டு பேருந்து. பதினான்காம் தேதி தேசிய தின நடனத்துக்குச் சதுக்கத்தில் பலகை போட ஆரம்பித்துவிட்டார்கள். திராட்சைக் கொடிகள் நன்றாகப் பிடித்திருக்கின்றன, இந்த வெயில் இப்படியே நின்றால் நல்ல வருஷம் என்று இவர் குதிக்கிறார். எதிர்ச்சரிவுக் கர்னோவுக்குத்தான் வயிறு எரிகிறது. அவன் குகைக்கு ஒரு சைக்கிள்காரன்கூடப் போவதில்லை. போன ஞாயிறு பேருந்து போகும்போது வாசலில் நின்று, "கூத்தாடி வீட்டுக்குக் கூட்டம் போகுது பாரு!" என்று கத்தினான். இவர் விடுவாரா? "டிக்கெட் வேணுமா கர்னோ, உனக்குன்னா பாதி விலை!" என்று திருப்பிக் கத்தினார். பேருந்தே சிரித்தது. பாவம், கர்னோவின் மனைவி லியோனி சிவந்த முகத்தோடு அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். நல்ல பெண் அவள்.

வேறு விசேஷம் இல்லை. கண்ணாடிக் குவளைகளில் கொஞ்சம் மணல் விழுகிறது. இப்போதெல்லாம் கடைசி நிமிஷத்தில்தான் அடுக்குகிறேன். மூன்றாவது அறைக் கதவு இறுக்கமாகிவிட்டது, கோடையில் மரம் உப்பும் போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஆர்மெல்

◆

லான்ஸ்,
16 ஜூலை 1964

ஆர்மெல்,

இருமல் அப்படியே. முட்டைக்கோஸ் இலை கட்டியாயிற்று, வலி இலைக்குப் போகவில்லை.

கர்னோவின் வயிற்றெரிச்சல் முதல் லியோனியின் முகச்சிவப்பு வரை எழுதியிருக்கிறாய். நான் கேட்ட ஒரே கேள்விக்கு மட்டும் பதில் இல்லை. நீ சின்ன வயதிலிருந்தே இப்படித்தான். ஜாடியை உடைத்துவிட்டுப் பூனையின் உடல்நலத்தைப் பற்றிப் பேசுவாய்.

மரம் மழைக்காலத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். வெயில் காலத்தில் கதவு இறுகுகிறது என்றால் கதவு மாறவில்லை, அதைத் தாங்கும் நிலைச்சட்டம் நகர்ந்திருக்கிறது. குவளையில் விழும் மணல் எங்கிருந்து வருகிறது என்று உனக்கே தெரியும். சுரங்கத்தில் நாங்கள் பைன் மரத்தை முட்டாகக் கொடுப்பது ஏன் தெரியுமா? அது உடைவதற்கு முன்னால் முனகும், ஓட நேரம் கிடைக்கும். உங்கள் வெள்ளைக்கல் முனகாது. அதனால்தான் அதற்குச் சாட்சி வைக்கிறார்கள்.

என்ன நிறம்? ஒரு வார்த்தை போதும்.

லூசியான்

◆

மோன்விரே,
11 ஆகஸ்ட் 1964

அண்ணா,

நீ சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். இந்தக் கடிதத்தை நான்கு முறை எழுதி அடுப்பில் போட்டேன்.

வெள்ளை. போன மாதம் பூசியது. நான்தான் பூசினேன்.

பிப்ரவரியில் இவர் பேருந்துக்காரர்களிடம் பேசி முடிக்கப் பட்டணம் போயிருந்தார். மூன்றாவது அறையில் விளக்கு மாட்ட ஏணியைச் சாய்த்து ஏறினேன். இறங்கிப் பார்த்தால் சாட்சி இரண்டாகப் பிளந்திருந்தது. ஏணி முனை பட்டுவிட்டது என்று நினைத்தேன். பட்டதா என்று இன்றைக்கும் என்னால் சத்தியம் செய்து சொல்ல முடியாது. சாயந்திரம் இவர் கேக் பெட்டியோடு வந்தார், "முடிச்சிட்டேன் ஆர்மெல், வாரா வாரம் நாற்பது பேர்!" என்று என்னைத் தூக்கிச் சுற்றினார். ஐம்பத்தாறாம் வருஷப் பனியில் கொடிகள் கருகினதிலிருந்து இந்த மனுஷர் சிரித்து நான் பார்த்ததில்லை. எட்டு வருஷம் சுவரைப் பார்த்துக்கொண்டு சூப் குடித்தவர். அவரிடம் போய்ச் சாட்சி உடைந்துவிட்டது என்று எப்படிச் சொல்வேன்? ஏணி பட்டது என்றால் நம்ப மாட்டார், சாவியை மேயரிடம் கொடுத்துவிடுவார். அவர் அப்படிப்பட்டவர். அதனால் மறுநாள் அவர் கொடி வெட்டப் போனதும் பழையதைச் சுரண்டிவிட்டுப் புதிதாய்ப் பூசி, அவர் கையெழுத்து மாதிரியே அதே தேதியைக் கீறினேன்.

ஏப்ரலில் மறுபடியும் உடைந்தது. அப்போது ஏணி இல்லை. ஒன்றும் படவில்லை. அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பிப்ரவரிக் கதையும் வெளியே வரும், இத்தனை மாதம் ஊரைக் கூட்டி அவர் காட்டியது என் கிறுக்கலை என்று தெரிந்துவிடும். வெட்கமாக இருந்தது. பூசினேன். ஜூலையிலும் பூசினேன். தினமும் காலையில் அவர் உள்ளே போகும்போது அதை விரலால் தொட்டுவிட்டுத்தான் விளக்கேற்றுகிறார். நான் அடுப்படியில் நின்றுகொண்டு அவர் வெளியே வரும்வரை மூச்சுவிடுவதில்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா.

ஆர்மெல்

◆

லான்ஸ்,
14 ஆகஸ்ட் 1964

ஆர்மெல்,

நலம் விசாரிக்க இப்போது நேரமில்லை.

இந்தக் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போய் அவனிடம் சொல். திட்டினால் வாங்கிக்கொள். அறைந்தால் எனக்கு எழுது, இருமிக்கொண்டாவது வந்து திருப்பிக் கொடுக்கிறேன். சிரிப்புப் போனால் போகட்டும், ஆள் இருந்தால் இன்னொரு நாள் சிரித்துக்கொள்ளலாம்.

அந்த அறைக்குள் இனி ஒரு மனிதப் பிராணி காலை வைக்கக் கூடாது.

லூசியான்

◆

மோன்விரே,
30 ஆகஸ்ட் 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமா? என்னைத் திட்டுவாய் என்று தெரிந்தே எழுதுகிறேன்.

சொல்லவில்லை. இரண்டு தடவை வாயைத் திறந்தேன். ஒரு தடவை அவர் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார், இன்னொரு தடவை பேருந்து வந்துவிட்டது. பிறகு எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சொல்வானேன்? சாட்சி உடைந்திருந்தால் போதுமே, அவரே பார்த்துக் கதவைப் பூட்டிவிடுவாரே. இருபதாம் தேதி அவர் மருந்து தெளிக்கப் போன சமயம் பீப்பாய்ச் சுத்தியலை எடுத்துக்கொண்டு போய் ஒரே அடி அடித்தேன்.

அவர் மதியம் வந்து பார்த்தார். நான் வாசலிலேயே நின்றேன், மனசுக்குள் அப்பாடா என்றிருந்தது. வெளியே வந்தவரின் முகம் சுண்ணாம்பாக இருந்தது. பயத்தில் இல்லை, கோபத்தில்.

"ஆர்மெல், யாரோ சுத்தியலால அடிச்சிருக்கான். தடம் அப்படியே இருக்கு."

"மலை நகர்ந்திருக்கும்ங்க."

"மலைக்கு ஏதுடி சுத்தியல்? கர்னோ வேலை இது! மேயர் வந்து மூடணும்னு பாக்கறான்."

நேராகச் சதுக்கத்துக்குப் போனார். சந்தை நாள், ஊரே இருந்தது. கர்னோவின் சட்டையைப் பிடித்து, "என் மலையில கை வச்சா உன் கையை எடுத்துடுவேன்!" என்று கத்தினார். கர்னோ அழாத குறை. "நான் உன் குகைப் பக்கமே வரலய்யா, என் புள்ளைங்க மேல சத்தியம்" என்றான். யாரும் நம்பவில்லை. ஜூலையில் அவன் கத்திய கத்தலை ஊர் மறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர் சாந்து குழைத்தார். பழைய தேதியையே கீறினார். "இதுதான் உண்மையான தேதி, ஒரு பொறாமைக்காரனுக்காக நான் ஏன் மாத்தணும்?" என்றார்.

நான் பக்கத்தில் விளக்குப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ஆர்மெல்

◆

லான்ஸ்,
5 செப்டம்பர் 1964

ஆர்மெல்,

இரண்டு நாள் உனக்கு எழுதப் பிடிக்கவில்லை. உன் அண்ணி என்னை உட்கார வைத்து எழுத வைக்கிறாள்.

உன்னை மாதிரி கோழையை நான் பார்த்ததில்லை. அன்பான கோழை, அதுதான் ஆபத்து. இதே தபாலில் ஆன்செல்முக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். ஏணி, சாந்து, சுத்தியல் எல்லாம் அதில் இருக்கிறது. அவன் உறையைக் கிழிப்பதற்குள் நீயே வாயால் சொல்லிவிடு. அது ஒன்றுதான் உனக்கு மிச்சம் இருக்கும் மரியாதை.

கர்னோவிடமும் போக வேண்டியிருக்கும். தெரியும் அல்லவா?

லூசியான்

◆

மோன்விரே,
15 செப்டம்பர் 1964

மச்சானுக்கு,

ஆன்செல்ம் வணக்கம். நான் கடிதம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்று என்று எண்ண வேண்டாம், நாம் இருவரும் வெட்கப்படுவோம். உடம்பு தேவலையா? உங்கள் வீட்டம்மாவுக்கும் என் அன்பு.

உங்கள் கடிதம் வந்தது. அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்தான் ஆர்மெல் எல்லாவற்றையும் சொன்னாள். நான் நம்பவில்லை. கையில் ஆணியைக் கொடுத்து, "எழுது பார்ப்போம்" என்றேன். எழுதினாள். என் கையெழுத்து, என் ஒன்பதின் வால் உட்பட. இருபத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள், ஏமாற்றவும் அழகாக ஏமாற்றுகிறாள். நான் கோபப்படவில்லை. தோட்டத்துக்குப் போய் இரண்டு வரிசை இலை கிள்ளிவிட்டு வந்தேன்.

யோசித்துப் பார்த்ததில் ஒன்று புரிகிறது மச்சான். முதல் உடைப்பு ஏணி. கடைசி உடைப்பு சுத்தியல். இரண்டும் அவள். நடுவில் நடந்ததும் அவள் பயத்தில் எதையாவது இடித்ததாகத்தான் இருக்கும். மலை இதில் எங்கே வந்தது? சரி, சந்தேகம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, பத்தாம் தேதி என் கையாலேயே புதுச் சாட்சி வைத்தேன், அன்றைய தேதி போட்டு. பதின்மூன்றாம் தேதி காலையில் அது நடுவில் வெடித்திருந்தது.

"இதுவும் நீதானே?" என்று கேட்டேன்.

"இல்லைங்க, சத்தியமா நான் தொடவேயில்ல" என்று காலில் விழாத குறை.

"போன மாசமும் 'மலை நகர்ந்திருக்கும்'னுதான் சொன்ன" என்றேன். அவளுக்குக் குகையை விட்டுவிட்டுக் கீழ்த்தெருவில் வீடு பார்த்துப் போக வேண்டும், அவ்வளவுதான். பெண்கள் ஒன்றை நினைத்துவிட்டால் நேர்வழியில் கேட்க மாட்டார்கள்.

கர்னோ விஷயத்தில் எனக்கு மனசு குத்துகிறது. அந்த ஆள் ஒரு பாவமும் அறியாதவன். ஆனால் சந்தையில் அத்தனை பேர் முன்னால் கத்திவிட்டு, "அடித்தது என் பெண்டாட்டி" என்று எந்த முகத்தோடு சொல்வேன்? அறுவடை முடியட்டும். ஒரு நல்ல பாட்டிலை எடுத்துக்கொண்டு நானே போய்க் காலைப் பிடித்துக்கொள்கிறேன்.

இந்த ஞாயிறு சீசனின் கடைசிப் பேருந்து, நாற்பத்திரண்டு பேர். மூன்றாவது அறையில்தான் மேசை. நீங்கள் பயப்படாதீர்கள்.

உங்கள் மைத்துனன்,
ஆன்செல்ம்

◆

தந்தி
லான்ஸ், 18 செப்டம்பர் 1964

ஆர்மெலுக்கு. ஞாயிறு பேருந்தை நிறுத்து. என்ன பொய் சொல்லியாவது நிறுத்து. ஆன்செல்மை வெளியே வை. லூசியான்.

◆

மோன்விரே,
4 அக்டோபர் 1964

அண்ணா,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிறேன். என்னைப் பற்றிக் கேட்காதே. அடக்கத்துக்கு உன்னால் வர முடியாது என்று எல்லோருக்கும் சொன்னேன், புரிந்துகொண்டார்கள். அண்ணி அனுப்பிய மலர்வளையம் வந்தது.

அன்றைக்குப் பேருந்தை நிறுத்தினேன். இரண்டரை மணிக்கே கல்சிலுவை முனைக்குப் போய் ரோட்டில் நின்றேன். "வீட்டுக்காரருக்குக் காய்ச்சல், ஒட்டிக்கிற காய்ச்சல்" என்றேன். ஓட்டுநர் தொப்பியைத் தலையில் சரிசெய்துகொண்டு வண்டியைத் திருப்பினார். ஜன்னல்களில் இருந்து பிள்ளைகள் கையசைத்தார்கள். நாற்பத்திரண்டு பேர் அண்ணா. அதை மட்டும் எனக்காக ஒரு நாள் நினைத்துக்கொள்.

வீட்டுக்கு ஓடினேன். அவர் மூன்றாவது அறையில் விளக்கெல்லாம் ஏற்றி, வெள்ளைத் துணி விரித்து, அத்தனை குவளைகளிலும் ஊற்றிவைத்திருந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். நான் இரண்டாவது அறையில் நின்றபடியே கூப்பிட்டேன்.

"வெளிய வாங்க. வண்டி வராது. நான் திருப்பி அனுப்பிட்டேன்."

திட்டுவார் என்று நினைத்தேன். குவளைகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஊத்தி வச்சுட்டேனே ஆர்மெல்."

"கொட்டுங்க. அப்படியே போட்டுட்டு வாங்க."

"ஒயினைக் கொட்டறதா? போடி பைத்தியக்காரி" என்று சொல்லிச் சிரித்தார். ஜாடியை எடுத்து ஒவ்வொரு குவளையாகத் திருப்பி ஊற்ற ஆரம்பித்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. ஏழோ எட்டோ ஊற்றியிருப்பார். நீ சொன்னது சரி, அந்தக் கல் முனகவே இல்லை.

நான் போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். அவர் உள்ளே நின்றார், நான் அந்த அறை வாசலில் நின்றேன். ஆறு அடிகூட இருக்காது.

இரண்டு நாள் தோண்டினார்கள். ஊரே வந்தது. இப்போது தினமும் யாராவது சூப் கொண்டுவந்து வைக்கிறார்கள், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கர்னோதான் இரும்புக் கம்பியை வைத்துக் கூரையைக் கிளப்பிவிட்டான், முதலில் சாட்சியை உடைத்ததும் அவன்தான், பாவம் ஆன்செல்ம் அன்றைக்கே சொன்னான். போலீஸ்காரர்கள் அவனை இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போய் விசாரித்தார்கள். அவன் ஜன்னல்களை யாரோ கல்லால் அடித்திருக்கிறார்கள். அறுவடைக்கு அவன் தோட்டத்தில் கால் வைக்க ஒரு ஆள் இல்லை. பழம் கொடியிலேயே அழுகுகிறது, லியோனி தனியாக ஒரு கூடையோடு வரிசை வரிசையாக நடக்கிறாள். என் ஜன்னலில் இருந்து தெரிகிறது. பதினாறாம் தேதி விசாரணை நீதிபதி முன்னால் அவன் நிற்க வேண்டும்.

போலீஸ்காரர் என்னிடம், "உங்களுக்கு யார் மேல சந்தேகம்மா?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. துக்கத்தில் பேச முடியவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நான் எழுதிய கடிதங்களை எரித்துவிடு அண்ணா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். அவரை அவர் பெண்டாட்டியே கொன்றாள் என்று ஊர் சொல்வதை என்னால் தாங்க முடியாது.

ஆர்மெல்

◆

லான்ஸ்,
10 அக்டோபர் 1964

தங்கைக்கு,

என் உடம்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. உன் அண்ணி உனக்காக மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். ஆன்செல்முக்காக நான் அழுதேன். நல்ல மனுஷன், வாய்தான் பெரிசு.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஜூனிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. புரிந்தும் மூன்று மாதம் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு புத்திசாலித்தனமாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். செத்தாலும் பரவாயில்லை என்று ரயில் ஏறியிருக்க வேண்டும். மேயருக்கு ஒரு வரி எழுதியிருக்கலாம். என் தங்கையை ஊர் சிரிக்குமே என்று எழுதவில்லை. நீ மறைத்த அதே காரணம்தான்.

கடிதங்களை எரிக்கவில்லை. இந்த உறையில் உன்னுடைய ஐந்து கடிதங்களும் ஆன்செல்மின் ஒன்றும் இருக்கின்றன, தேதிப்படி அடுக்கியிருக்கிறேன். கர்னோ ஒரு பாவமும் அறியாதவன் என்று ஆன்செல்ம் தன் கையாலேயே எழுதியிருக்கிறான். நான் நகல் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை. அடுப்பில் போடுவதாக இருந்தால் நீயே போடு. நான் யாரிடமும் பேச மாட்டேன். ஆனால் அதற்குப் பிறகு எனக்கு எழுதாதே.

உன் அண்ணன்,
லூசியான்

◆

16 அக்டோபர் 1964

அன்புள்ள அண்ணனுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும். நான் ராத்திரி நன்றாகத் தூங்கினேன். வெகுநாளைக்குப் பிறகு.

உன் உறை செவ்வாயன்று வந்தது. மூன்று நாள் சமையல்கட்டு மேசையில் இருந்தது. அடுப்பு பக்கத்திலேயே எரிந்துகொண்டிருந்தது, அதை உன்னிடம் மறைக்கவில்லை.

இன்று காலை எட்டு மணிப் பேருந்தில் ஏறினேன். கர்னோவை நேற்றே போலீஸ் வண்டியில் கூட்டிப்போய்விட்டார்கள். லியோனி மட்டும் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். வண்டி நிறைய ஆள், நின்றுகொண்டு வந்தவர்கள் ஏழு பேர், அவள் பக்கத்து இடம் காலி. நான் போய் அதில் உட்கார்ந்தேன்.

"இங்க உக்காராதீங்க ஆர்மெல், எல்லாரும் பாக்கறாங்க" என்றாள் மெதுவாக. "அடக்கத்துக்கு நானும் வந்தேன். உள்ள விட மாட்டாங்கன்னு மதிலுக்கு வெளியவே நின்னேன். அவர் பண்ணலீங்க. எப்படிச் சொன்னா நம்புவீங்கன்னு தெரியல."

அவள் கைகளைப் பார்த்தேன். ஒற்றையாய்ப் பழம் பறித்து விரலெல்லாம் வெடித்திருந்தது. உறையை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"படிங்க லியோனி. முதல்லேந்து படிங்க."

பட்டணம் வர நாற்பது நிமிஷம். அவள் மெதுவாகப் படிக்கிறவள், உதடு அசைய அசைய. மூன்றாவது கடிதத்தில் ஒருமுறை என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. ஆன்செல்முடையதை இரண்டு தடவை படித்தாள். அடிப்பாள், பேருந்து கேட்கக் கத்துவாள் என்று காத்திருந்தேன், அதற்குத் தயாராகத்தான் போனேன். அவள் எல்லாவற்றையும் மடித்து உறையில் போட்டுத் தன் பைக்குள் வைத்து, பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"நீதிமன்றம் வந்துடுச்சு, இறங்குங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இதை எதிரே உள்ள தபால் நிலையத்தில் நின்றுகொண்டு எழுதுகிறேன். பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள். லியோனி வாசல் படியில் எனக்காகக் காத்திருக்கிறாள், நான் ஓடிவிடுவேனோ என்று இந்தக் கதவையே பார்த்துக்கொண்டு. அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை.

மருந்தைத் தவறாமல் குடி. பதில் எழுதுவதாக இருந்தால் மோன்விரேக்கு எழுதாதே. எந்த முகவரிக்கு என்று எனக்குத் தெரிந்ததும் சொல்கிறேன்.

உன் தங்கை,
ஆர்மெல்